நாலு கேமரா... ஒரே நொடி!

1970 ஜூன் மாதம். பிரான்சின் லே மான் பாதையில் 24 மணி நேரப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. 29ஆம் எண் போர்ஷே 908 மட்டும் மற்ற கார்களைவிட அடிக்கடி பிட்டுக்குள் வந்து வந்து போனது. பெட்ரோல் தீரவில்லை, டயரும் தேயவில்லை. காரில் கட்டியிருந்த மூன்று சினிமா கேமராக்களில் ஃபிலிம் தீர்ந்துபோயிருந்தது. ரீலை மாற்றியதும் கார் மறுபடி பந்தயத்துக்குள் பாயும்.

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீனின் சோலார் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம், ‘லே மான்’ படத்துக்காக இறக்கிய கார் அது. அதே ஆண்டு மார்ச்சில் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் மெக்வீனும் பீட்டர் ரெவ்சனும் இதே காரில் இரண்டாம் இடம் பிடித்திருந்தார்கள். லே மானில் ஓட்டியவர்கள் ஹெர்பர்ட் லிங்கேவும் ஜொனாதன் வில்லியம்ஸும். கேமராக்களின் எடையையும் தூக்கிக்கொண்டு கார் கடைசிவரை ஓடியது. ஆனால் ரீல் மாற்ற நின்று நின்று தூரம் குறைந்துவிட்டதால், முடிவுப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 35 மி.மீ. ஃபிலிம் ஆயிரம் அடி ஓடித் தீர 11 நிமிடம் போதும். லே மானில் அது மூன்றே சுற்று.

அந்த ஃபிலிம் சுருள்களில் படம் இருந்தது, நேரம் இல்லை. முன் கேமராவின் ஒரு ஃப்ரேமும் பின் கேமராவின் ஒரு ஃப்ரேமும் ஒரே நொடியில் எடுத்தவைதானா என்று ஃபிலிமைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. கதைப் படத்துக்கு அது பெரிய குறையும் இல்லை. எடிட்டர் இங்கே வெட்டி அங்கே ஒட்டினால் பார்வையாளர் அதை ஒரே ஓட்டமாக எடுத்துக்கொள்வார். அந்தக் காட்சிகளை ஒரே திரையில் பக்கம் பக்கமாக வைத்து, ‘இந்தக் கணத்தில் காருக்கு என்ன ஆனது?’ என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இன்று அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் பாதையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ வார இறுதியில் கார் ஓட்டிப் பழகும் இளைஞர்கூட, தீப்பெட்டி அளவுக் கேமராக்கள் நாலைந்தைக் காரில் ஒட்டிக்கொள்கிறார். கண்ணாடி வழியே பாதையைப் பார்க்க ஒன்று, தோளுக்குப் பின்னிருந்து கைகளைப் பார்க்க ஒன்று, காலடியில் பெடல்களைப் பார்க்க ஒன்று, வெளியே பின்சக்கரத்தைப் பார்க்க ஒன்று. ஓட்டி முடித்ததும் நாலு காட்சிகளையும் நாலு கட்டமாகத் திரையில் போட்டுப் பயிற்சியாளரோடு உட்காருகிறார்.

பயிற்சியாளர் முதலில் பார்ப்பது வளைவின் வாசலை. பிரேக்கை முழுக்க விட்ட பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினாரா, திருப்பத் தொடங்கியபோதும் பிரேக் மேல் கால் மெல்ல அழுந்தியிருந்ததா? வேகமான ஓட்டுநரையும் சுமாரான ஓட்டுநரையும் பிரிக்கும் இடம் அது. பிரேக்கில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும்போது காரின் எடை முன்சக்கரங்கள் மேல் சாய்ந்திருக்கும். மூக்கு வளைவுக்குள் எளிதாகத் திரும்பும். இதைத் தெரிந்துகொள்ளக் கைக் கேமராவையும் கால் கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெடல் காட்சி மூன்று ஃப்ரேம் பிந்தி ஓடினால், சரியான நேரத்தில் காலை எடுத்தவர் தாமதமாக எடுத்தவராகத் தெரிவார். அதை நம்பி அடுத்த சுற்றில் இன்னும் முன்னதாகக் காலை எடுப்பார். நன்றாக ஓட்டியவருக்கு நாமே கெட்ட பழக்கம் சொல்லிக்கொடுத்ததாக ஆகும்.

மூன்று ஃப்ரேம் அவ்வளவு பெரிய விஷயமா? மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 50 மீட்டர் கடக்கிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே கார் 2 மீட்டர் நகர்ந்துவிடும். மூன்று ஃப்ரேம் என்பது 6 மீட்டர். ரேஸ் பாதையில் பிரேக் பிடிக்கும் இடத்தை ஒரு மீட்டர், அரை மீட்டர் என்று நகர்த்தித்தான் ஓட்டுநர்கள் நேரத்தைக் குறைக்கிறார்கள். 6 மீட்டர் பிசகிய வீடியோவை வைத்து அதைப் பற்றிப் பேசவே முடியாது.

சினிமாக்காரர்களுக்கு ஒத்திசைவு புதிதல்ல. கிளாப் பலகை பிறந்ததே அதற்காகத்தான். கட்டை மூடுவதைப் படக்கேமரா பார்க்கிறது, ‘டக்’ என்ற ஓசையை ஒலிப்பதிவுக் கருவி கேட்கிறது, எடிட்டிங் மேசையில் இரண்டையும் ஒன்றாக வைத்துவிடலாம். 1960களின் இறுதியில் டைம்கோடு வந்தது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் என்று ஒரு முகவரி கிடைத்தது. எல்லாக் கருவிகளின் முகவரியும் ஒரே கடிகாரத்திலிருந்து வந்தால், எந்தக் கேமராவின் எந்தக் கணத்தையும் மற்றதோடு சேர்க்கலாம்.

ரேஸ் காருக்குள் இது ஏன் அவ்வளவு எளிதாக நடப்பதில்லை?

முதல் காரணம், கேமராக்களுக்குள் இருக்கும் கடிகாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் துடித்து நேரத்தை அளக்கிறது. வீட்டில் ஒரே நாளில் நேரம் சரிசெய்த இரண்டு சுவர்க்கடிகாரங்கள் தீபாவளிக்குள் வேறு வேறு நேரம் காட்டுவதுபோல இவையும் விலகும். மலிவான படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிசகுவது சாதாரணம். ஒரு கேமரா அவ்வளவு முந்த, இன்னொன்று அவ்வளவு பிந்தினால், 20 நிமிட ஓட்டத்தின் முடிவில் இரண்டுக்கும் இடையே 48 மில்லி விநாடி இடைவெளி விழும். 25 ஃப்ரேம் கணக்கில் அது ஒரு ஃப்ரேமுக்கு மேல். தொடக்கத்தில் கச்சிதமாகச் சேர்த்த காட்சி முடிவில் சேராமல் போவது இதனால்தான். 24 மணி நேரம் ஓடினால் அதே பிசகு மூன்றரை நொடியை நெருங்கிவிடும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததைத் தமிழ்நாடே கொண்டாடியது. அப்படிப்பட்ட பந்தயத்தில் கேமரா கடிகாரங்களை இடையிடையே திருத்தாமல் விட்டால், கடைசி மணி நேரக் காட்சிகளில் ஒரு கேமராவுக்கும் இன்னொன்றுக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரலாம்.

படிகத்துக்குச் சூடும் ஆகாது. முன்கண்ணாடியில் காற்றுப் படும் இடத்திலிருக்கும் கேமராவும், எக்ஸாஸ்ட் குழாய்ப் பக்கம் வெந்துகொண்டிருக்கும் கேமராவும் ஒரே மாடலாக இருந்தாலும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை.

இரண்டாவது காரணம் ஃப்ரேம் வேகம். கவனக்குறைவால் அதிகம் கெடுவது இங்கேதான் என்று தாராளமாகச் சொல்லலாம். இந்தியத் தொலைக்காட்சி மரபு நொடிக்கு 25 ஃப்ரேம், சினிமா 24, அமெரிக்க மரபு 29.97. அந்த விநோதமான 29.97, 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்காகச் செய்த சிறு திருத்தத்தின் மிச்சம். எழுபது ஆண்டு கழித்தும் நம் கேமராக்களின் மெனுவில் உட்கார்ந்திருக்கிறது. எடிட்டிங் மென்பொருளில் 29.97ஐ 30 என்று நினைத்து ஓடவிட்டால், ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி வித்தியாசம் விழும். மொபைல் போன் இன்னும் சிக்கல். வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் போன்கள் பல. மரங்களின் நிழலுக்குள் கார் நுழைந்து வெளிவரும்போதெல்லாம் போன் வீடியோவின் நேரம் இழுபடும்.

அப்படியானால் ஒலியை வைத்துச் சேர்க்கலாமே? டேவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்கள் ஒரு பொத்தானில் அதைச் செய்துதருகின்றன. ஒவ்வொரு கேமராவின் ஒலி அலையையும் மற்றதன் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, எங்கே அதிகம் பொருந்துகிறதோ அங்கே நிறுத்துகின்றன. மேடைக் கச்சேரிக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். ரேஸ் காரில் வெளியே இருக்கும் கேமராவின் மைக்கில் கேட்பது பெரும்பாலும் காற்றின் இரைச்சல். உள்ளே இருக்கும் மைக்கில் கியர் பெட்டியின் ஊளை. பொதுவாகக் கேட்பது எஞ்சின் மட்டும்தான். அதுவும் ஒரே சுருதியில் போகும் நேர்ப்பாதையில் மென்பொருள் ஏமாந்துவிடும். ஓட்டுநர் கிளம்பும் முன் காரை நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை இரண்டு முறை வெடுக்கென்று மிதித்துவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்தது.

பாதையோரத்தில் நிற்கும் கேமராவையும் சேர்க்க நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அவ்வளவு தூரத்தில் நிற்கும் கேமராவுக்கு எஞ்சின் சத்தம் ஒரு நொடி தாமதமாகப் போய்ச் சேரும். ஒலியை வைத்து அதைச் சேர்த்தால் காட்சி ஒரு நொடி தப்பிவிடும்.

ஒலியும் காட்சியும் பொய் பேசிய புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. பிரெஞ்சு இயக்குநர் க்ளாத் லெலூஷ் 1976இல் ஒரு காரின் முன்னால் ஒரே கேமராவைக் கட்டி, விடியற்காலைப் பாரிஸ் தெருக்களில் எட்டு நிமிடம் பாய்ந்து ஒரு குறும்படம் எடுத்தார். பார்த்தவர்கள் ஃபெராரி என்றே நம்பினார்கள். கேட்டது ஃபெராரியின் உறுமல்தான். ஆனால் கேமராவைச் சுமந்தது ஒரு மெர்சிடஸ். ஒலி பின்னால் சேர்த்தது. கார்ப் பைத்தியங்கள் சிலர் கியர் மாறும் சத்தத்தையும் சாலை நகரும் வேகத்தையும் ஒப்பிட்டே அதைச் சந்தேகித்தார்கள்.

சினிமாவில் அது கலை. நீதிமன்றத்தில், ‘இந்தக் கணத்தில் காருக்கு என்ன ஆனது?’ என்ற கேள்வி வேறு கனம் பெற்றது.

1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலா பாதையில், தம்புரெல்லோ வளைவில் அயர்ட்டன் சென்னா ஓட்டிய வில்லியம்ஸ் அணியின் கார் பாதையை விட்டு விலகிச் சுவரில் மோதியது. மூன்று முறை உலக சாம்பியனான அந்த மாமனிதர் இறந்தார். அவர் காரில் கேமரா இருந்தது. பின்னால் வந்த மைக்கேல் ஷூமாக்கரின் காரிலும் கேமரா இருந்தது. காரின் கருவிகள் பதிந்த எண்களும் மீட்கப்பட்டன. ஸ்டியரிங் தண்டு மோதலுக்கு முன்பே உடைந்ததா, மோதலில் உடைந்ததா என்பதே வழக்கின் மையக் கேள்வி. சென்னாவின் காரிலிருந்து கிடைத்த காட்சி மோதலுக்குச் சற்று முன்பே முடிந்துபோகிறது. ஒளிபரப்பு வேறு காரின் கேமராவுக்கு மாறிவிட்டது.

பொலோன்யாவின் சினேகா கணினி மையம் அந்தக் காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக எடுத்து, ஸ்டியரிங் சக்கரத்தில் இருந்த ஒரு மஞ்சள் பொத்தான் எந்தப் பாதையில் நகர்கிறது என்று அளந்தது. வழக்கமான வட்டத்தை விட்டுப் பொத்தான் விலகுவது தண்டு பலவீனமானதற்கு அடையாளம் என்றது அரசுத் தரப்பு. அந்த அளவு நெளிவு இயல்பானதே என்றது வில்லியம்ஸ் தரப்பு. ஒரே வீடியோ, இரண்டு விளக்கங்கள். 1997 டிசம்பரில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மேல்முறையீடுகள் 2007 வரை நீண்டன. 300 கி.மீ. வேகத்தைத் தாண்டிய காரில், 25 ஃப்ரேம் தொலைக்காட்சிப் படத்தின் ஒவ்வொரு ஃப்ரேமும் மூன்று மீட்டருக்கு மேல் தாவுகிறது. அந்தத் தாவலுக்குள் நடந்ததை எந்த நிபுணராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

மோட்டார் பந்தயங்களை ஆளும் எஃப்ஐஏ அமைப்பு பின்னாளில் செய்த ஒரு காரியம் பாராட்டத்தக்கது. 2016 முதல் ஃபார்முலா 1 கார்களில் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தபடி நொடிக்கு 400 ஃப்ரேம் எடுக்கும் கேமரா கட்டாயமானது. ஒளிபரப்புக்காக அல்ல, விபத்தை ஆராய மட்டும். 2.5 மில்லி விநாடிக்கு ஒரு படம். அந்த ஆண்டின் முதல் பந்தயத்திலேயே மெல்போர்னில் ஃபெர்னாண்டோ அலோன்சோவின் கார் 300 கி.மீ. வேகத்தில் இன்னொரு காரில் மோதி, சுவரில் அடித்து, உருண்டு நொறுங்கியது. அவர் தானாக வெளியே வந்தார். கார் 46 ஜி அளவு அதிர்ச்சியைத் தாங்கியிருந்தது. தலை எப்போது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று படம் சொல்கிறது. எத்தனை ஜி என்று விபத்துப் பதிவுக் கருவி சொல்கிறது. இரண்டும் ஒரே நேரக்கோட்டில் பொருந்தினால்தான் அடுத்த ஹெல்மெட்டையும் இருக்கைத் திண்டையும் எங்கே தடிமனாக்க வேண்டும் என்று பொறியாளருக்குத் தெரியும்.

இவ்வளவு பெரிய அமைப்புகளிடம் பணம் உண்டு. 2025இல் வெளிவந்த ‘எஃப்1’ படத்துக்காக ஜோசப் கோசின்ஸ்கி குழு, காரில் 15 இடங்களில் கேமரா தாங்கிகளைப் பதித்து, ஒரே நேரத்தில் நாலு கேமரா வரை ஓடவிட்டது. சோனி அதற்கென்றே சிறிய கேமராக்களைச் செய்துகொடுத்தது. பட்ஜெட் இல்லாதவர் என்ன செய்வது? செய்ய நிறைய இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குக் காசே வேண்டாம்.

எல்லாக் கேமராவிலும் ஃப்ரேம் வேகம் ஒன்றாக இருக்கட்டும். இந்தியாவில் எடுப்பதானால் எல்லாவற்றையும் 50இல் வையுங்கள்; கேமரா தாங்குமானால் 100. இதில் இன்னொரு லாபமும் உண்டு. டைம்கோடு முகவரியைத்தான் தரும். ஷட்டர்கள் ஒரே கணத்தில் திறப்பதற்கு ஜென்லாக் என்ற தனி ஏற்பாடு வேண்டும். சிறு கேமராக்களில் அது கிடையாது. அதனால் முகவரி ஒன்றாக இருந்தாலும் அரை ஃப்ரேம் வரை விலகல் எப்போதும் இருக்கும். 25 ஃப்ரேமில் அது 20 மில்லி விநாடி. 100 ஃப்ரேமில் வெறும் 5.

ரிமோட்டில் எல்லாக் கேமராவையும் ஒன்றாகத் தொடங்கிவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். ஆணை கிடைத்து ஒவ்வொன்றும் விழித்துப் பதியத் தொடங்க எடுக்கும் நேரம் வேறு வேறு. கோப்ரோ லேப்ஸ் வசதியில், போன் திரையில் நேரத்தைச் சுமந்தபடி மாறிக்கொண்டே இருக்கும் கியூஆர் கட்டத்தைக் கேமராவுக்குக் காட்டினால் அதன் கடிகாரம் திருந்திக்கொள்ளும். கிளம்பும் முன் ஒவ்வொரு கேமராவுக்கும் அதைக் காட்டலாம். ஆனாலும் கிளாப் அடிப்பதை விடக்கூடாது. எல்லாக் கேமராவும் ஓடத் தொடங்கிய பின், இருட்டான காருக்குள் ஒரு ஃபிளாஷை மின்னவிட்டால் பெடல் கேமராவுக்குக்கூடத் தெரியும். எடிட்டிங்கில் உற்றுப் பார்த்தால், ஒரு கேமராவில் அந்த வெளிச்சம் ஃப்ரேமின் கீழ்ப்பாதியில் மட்டும் விழுந்திருக்கும். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால் வருவது அது. குறையாக நினைக்க வேண்டியதில்லை. ஃப்ரேமைவிட நுணுக்கமாக நேரம் சொல்லும் தடயம் அது.

ஓட்டம் முடிந்து பிட்டுக்குள் வந்ததும், கேமராவை நிறுத்துமுன் இன்னொரு கிளாப். பலரும் தவறவிடுவது இதைத்தான். தொடக்கத்தில் ஓர் அடையாளமும் முடிவில் ஓர் அடையாளமும் இருந்தால், எந்தக் கேமரா எவ்வளவு பிசகியது என்று கணக்கிட்டு, அந்தக் காட்சியை இம்மியளவு இழுத்தோ சுருக்கியோ இரு முனையிலும் பொருத்திவிடலாம்.

கிளாப்பே அடிக்காமல் எடுத்த பழைய காட்சிகளுக்கும் வழி உண்டு. வளைவின் ஓரத்திலுள்ள சிவப்பு வெள்ளைக் கெர்ப் மேல் சக்கரம் ஏறும்போது எல்லாக் கேமராவும் குலுங்கும். கேமராவுக்குள் இருக்கும் ஜைரோ அந்தக் குலுக்கலை எண்ணாகப் பதிந்துவைக்கிறது. அந்த எண்களை ஒன்றோடொன்று பொருத்தினால் காட்சியும் பொருந்தும். ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். முன்சக்கரம் ஏறிய பிறகுதான் பின்சக்கரம் ஏறும். அச்சுகளுக்கு இடையே இரண்டரை மீட்டர் உள்ள கார் 180 கி.மீ. வேகத்தில் போனால் அந்த இடைவெளி 50 மில்லி விநாடி. முன் கேமராவில் பதிந்த முன்சக்கரக் குலுக்கலையும் பின் கேமராவில் பதிந்த பின்சக்கரக் குலுக்கலையும் ஒன்றென்று நினைத்துச் சேர்த்தால், சரியாக இருந்ததைக் கெடுத்ததாக ஆகும்.

ஜிபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முந்தி ஓடுகிறது. 2017 தொடக்கத்திலிருந்து இதுதான் நிலை. ஒரு கருவி அந்த 18 நொடியைக் கழித்துப் பதிந்து, இன்னொன்று கழிக்காமல் பதிந்தால், அதே 180 கி.மீ. வேகத்தில் வீடியோவில் கார் ஒரு வளைவிலும் வரைபடத்தில் 900 மீட்டர் தள்ளியும் நிற்கும். இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்காகத்தான் ரேஸ்லாஜிக் நிறுவனத்தின் விபாக்ஸ் போன்ற பெட்டிகள் இருக்கின்றன. கேமராக்கள் எல்லாம் ஒரே பெட்டியில் செருகியவை, கடிகாரம் ஒன்றே ஒன்று, ஜிபிஎஸ் வேகமும் அதே பதிவில். விலை அதிகம்தான். ஆனால் தொடர்ந்து பந்தயம் ஓட்டுபவர் ஐந்தாவது கேமராவுக்குச் செலவிடும் பணத்தை இதற்காகச் சேர்த்துவைப்பது புத்திசாலித்தனம்.

ரேஸ் பாதைகளை நடத்துபவர்களுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிட் வாசலில், கார்கள் பாதைக்குள் நுழையும் இடத்தில், ஒரு பலகை வையுங்கள். ஜிபிஎஸ்ஸால் திருத்தப்படும் நேரத்தை அது பெரிய எழுத்தில் காட்டட்டும். கார் வந்து நிற்கும்போது ஒரு முறை பளிச்சென்று மின்னி, அதே கணத்தில் ‘பீப்’ அடிக்கட்டும். உள்ளே போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை. பெரிய செலவில்லை. எந்தக் கம்பெனிக் கேமரா வைத்திருந்தாலும் ஒவ்வொரு காரின் ஒவ்வொரு காட்சியும் ஒரே கடிகாரத்துக்குக் கீழ் வந்துவிடும். நாளை ஒரு விபத்து நடந்தால், என்ன நடந்தது என்று அறிய இரண்டு கார்களின் கேமராக்களை ஒப்பிட வேண்டியவர்களுக்கும் அந்தப் பலகை உதவும்.